பூனையின் கணையம்: சில குறிப்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேன்டீன் உள்ள இடமெல்லாம் பூனை உண்டு. மீன் தலைக்கு ஓடி வருகிற பூனை இரண்டு நாளாக வராமல் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தால், "வெயில்ல சுருண்டு கிடக்கு" என்று விட்டுவிடுவார்கள். அது கணைய அழற்சியாகவும் இருக்கலாம்.

கணைய அழற்சி கண்ட நாய் வாந்தி எடுக்கும், வலியில் முதுகை வளைக்கும், வீட்டையே எழுப்பிவிடும். பூனையோ இரையை ஒதுக்கும், மறைவில் போய்ப் படுக்கும், நீர்ச்சத்து வற்றும், சில சமயம் உடம்பு ஜில்லிடும். அவ்வளவுதான். வாந்தியே எடுக்காத பூனைகள் நிறைய.

கேன்டீன் எண்ணெய்மேல் பழிபோடக் கை பரபரக்கும். நாய் விஷயத்தில் அது சரி. பூனையில் கொழுப்புத் தீனிதான் காரணம் என்பதற்குச் சான்றில்லை. பெரும்பாலும் காரணமே அகப்படுவதில்லை.

சாதாரண அமைலேஸ், லைபேஸ் அளவுகளை வைத்துப் பூனைக்கு ஒன்றும் சொல்ல முடியாது. பூனைக்கென்றே உள்ள கணைய லைபேஸ் சோதனை வேண்டும், வயிற்று ஸ்கேன் வேண்டும். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. கல்லீரலையும் குடலையும் சேர்த்தே பார்ப்பார்கள். பூனைக்குப் பித்தக்குழாயும் கணையக்குழாயும் ஒன்றுகூடித்தான் குடலில் திறக்கின்றன, ஒன்றில் பற்றியது மற்றதிலும் பரவும்.

டிரிப்ஸ் ஏற்றுவதை ஊர்க் கால்நடை மருந்தகத்திலேயே தொடங்கலாம். ஆடு மாடு பார்க்கிற டாக்டர்தானே என்ற இளக்காரம் வேண்டாம். ஸ்கேனுக்கு வேப்பேரி: 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்ட்ரலுக்குக் கிட்டத்தில்.

இந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது. டிரிப்ஸ், வாந்திக்கு மாரோபிடன்ட், வலிக்கு புப்ரினார்ஃபின். பூனை முனகவில்லை என்றாலும் வலி இருப்பதாகவே கொண்டு மருந்து கொடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் எல்லாப் பூனைக்கும் தேவையில்லை, கேட்டு வாங்காதீர்கள்.

லங்கணம் பரம ஔஷதம் என்று வளர்ந்தவர்கள் நாம். வயிற்றைக் காயப்போட்டால் கணையம் ஓய்வெடுக்கும் என்று டாக்டர்களும் ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆனால் பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரும். கொழுத்த பூனைக்கு ஆபத்து அதிகம், உயிரே போகலாம். அதனால் வாந்தி அடங்கியதும் இரை. தானாகத் தின்னாவிட்டால் பசி தூண்ட மிர்ட்டாசபைன். அதற்கும் மசியாவிட்டால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய். குழாயைக் கண்டு உரிமையாளர் கலங்குவார். பூனை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

காய்ச்சலோ என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.