மலை இறங்கிப் போன வாடிக்கையாளர்

ஏற்காட்டில் கடையோ ஹோம்ஸ்டேயோ வைத்திருப்பவர் விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன் யோசிக்க வேண்டியது: வாங்கப் போகிறவர் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்? ஏரிக்கரையில் நிற்கிறாரா? ஈரோட்டிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து சனிக்கிழமைக்குத் திட்டம் போடுகிறாரா? வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாரா? இந்த மூன்று பேருக்கும் ஒரே விளம்பரத்தை ஓட்டுவதில்தான் பாதிப் பணம் போகிறது.

*

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் ஊரைக் குறித்தால் அதைச் சுற்றி வட்டம் விழும். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நேர்கோட்டில் 15 கிலோமீட்டர்தான் இருக்கும். சாலையில் போனால் கிட்டத்தட்ட 30, அதில் 20 கொண்டை ஊசி வளைவு. வட்டத்துக்கு வளைவெல்லாம் தெரியாது. ஒண்டிக்கடை பக்கம் சாக்லேட்டும் தைலமும் விற்கிறவர் 20 கிலோமீட்டர் என்று போட்டால், விளம்பரம் சேலம் ஐந்து ரோட்டில் இருப்பவர் போனில் போய் விழுகிறது. அவர் சாக்லேட்டுக்காக மலை ஏறப்போவதில்லை. இந்தக் கடைக்கு ஏரியின்மேல் பின் குத்தி இரண்டு மூன்று கிலோமீட்டர் வட்டம் போதும். அதுவும் சனி, ஞாயிறு மட்டும். குறிப்பிட்ட கிழமையில் மட்டும் ஓட வேண்டுமென்றால் தினசரி பட்ஜெட்டை விட்டு மொத்த பட்ஜெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூஸ்ட் பட்டனை மட்டுமே அமுக்கிப் பழகியவர்கள் இந்த வசதியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

பஜ்ஜிக் கடைக்கு நான் விளம்பரமே சொல்வதில்லை. கூகுள் மேப்பில் பெயரும் நேரமும் சரியாக இருந்தால் போதும்.

*

சேலத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்குப் பழைய கால விளம்பரம்தான் நினைவுக்கு வரும். சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு ஸ்லைடு போட்ட காலத்தில், ஜவுளிக் கடைக்காரர் எந்த ஊர்க் கொட்டகை என்று பார்த்துத்தான் பணம் கட்டினார். போன் வந்ததும் அந்தக் கணக்கை ஏன் விட்டுவிட்டோம்?

*

நாகலூர் பக்கம் ஓர் அக்கா. சொந்தக் காப்பி, சொந்த வறுவல். களத்தில் காப்பி காய்வதை வீடியோ எடுத்துப் போட்டு, பூஸ்ட் செய்திருந்தார். "லைக் நெறைய வந்துச்சுங்க தம்பி. ஆர்டர்தான் ஒண்ணும் காணோம்."

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். குறிக்கோள் என்ற இடத்தில் 'என்கேஜ்மென்ட்', அதற்குள் பதிவுக்கு லைக்கும் கமென்ட்டும் வாங்குவது என்று இருந்தது. இந்த இயந்திரம் கேட்டதைத்தான் கொண்டுவரும். லைக் கேட்டால், கண்ணில் படுவதற்கெல்லாம் லைக் போடும் ஆட்களாகப் பார்த்துக் காட்டும். வாட்ஸ்அப்பில் பேச்சு வேண்டும் என்று கேட்டால், பேசக்கூடியவர்களைத் தேடும். அதே வீடியோவை, தொட்டால் வாட்ஸ்அப்பில் பேச்சு திறக்கும் விளம்பரமாக மாற்றினோம். லைக் குறைந்தது. கேள்விகள் வந்தன. பெரும்பாலும் ஒரே கேள்வி: சிக்கரி எவ்வளவு?

அதற்கான பதிலை வீடியோவின் முதல் வரியாகவே எழுதச் சொன்னேன். சிக்கரி கலக்காதது, எண்பதுக்கு இருபது, எது வேண்டும் என்று. வாங்குகிறவர் முதலில் கேட்பதுதான் விளம்பரத்தில் முதலில் இருக்க வேண்டும். பனிமூட்டமும் பறவைச் சத்தமும் பிறகு வரட்டும்.

*

சின்ன பட்ஜெட்டைத் துண்டு போடக்கூடாது. மெட்டா தன் கணிப்பு நிலைப்பட ஒரு வாரத்தில் சுமார் 50 பலன் வேண்டும் என்கிறது. காப்பிக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று, தேனுக்கு ஒன்று என்று பிரித்தால் எதுவும் அந்த எண்ணைத் தொடாது. கட்டும் தொகையின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அதையும் செலவில் சேர்த்துத்தான் ஓர் ஆர்டருக்கு எவ்வளவு ஆனது என்று பார்க்க வேண்டும்.

*

விலையைப் படத்துக்குள் எழுதுவது வேண்டாம். 2025 பிப்ரவரியில் அராபிகா காப்பி உலகச் சந்தையில் அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. பழைய விலை எழுதிய படங்கள் அப்போதும் வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றிக்கொண்டிருந்தன. கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லி ஓய்ந்தார். விலைக்கு இடம் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக். அங்கே ஒரு தடவை மாற்றினால் போதும்.

இரண்டாவது ஆள், ஊரில் இருந்தபடி திட்டம் போடுகிறவர், நம்புவது படத்தைத்தான். அந்தப் படத்துக்கும் மாதம் உண்டு. காப்பிப் பூ மழை பார்த்து மார்ச், ஏப்ரலில் பூக்கும். பழம் பறிப்பு நவம்பர் வாக்கில். கிளியூர் அருவி கோடையில் வற்றிவிடும். மே மாதக் கோடை விழாவுக்கு அழைக்கும் விடுதி விளம்பரத்தில் அருவி கொட்டுவது போலப் படம் போட்டால், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போகிறவர் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்புவார். இதை நான் சின்னத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் குடும்பம் அந்த விடுதியை மட்டுமல்ல, அடுத்த விடுதியையும் நம்பாது.

நம்பிக்கை ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகளைக் குறிவைக்கும் போலி முன்பதிவுத் தளங்கள், போலி சமூக ஊடகப் பக்கங்கள் பற்றி 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவே எச்சரித்தது. முன்பணம் கேட்டதும் ஆள் பின்வாங்குவது அதனால்தான். நான்கு அறை வைத்திருப்பவர் செய்யக்கூடியது: மேப்பில் உள்ள எண், சமூக ஊடகப் பக்கத்தில் உள்ள எண், பணம் வாங்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். கேட்டால் வீடியோ காலில் அறையைச் சுற்றிக் காட்டட்டும்.

தேன் விற்கிறவர்களுக்கு ஒன்று: சர்க்கரை நோய் குணமாகும் என்று எழுதவே கூடாது. 1954-ம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டம் இதைத் தடுக்கிறது.

*

மூன்றாவது ஆளுக்கு வருகிறேன், மலை இறங்கிப் போனவர். இவரை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதுதான் என் வருத்தம். தெரியாத ஒருவரைப் பணம் கொடுத்துத் தேடுகிறோம். நம் காப்பியைக் குடித்து, பிடித்துப்போய், பொடி தீர்ந்ததும் எங்கே கேட்பது என்று தெரியாமல் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறவரை விட்டுவிடுகிறோம்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். ஆகவே வேலை கல்லாவிலேயே தொடங்குகிறது. பாக்கெட் கொடுக்கும்போதே, "செய்தி அனுப்பலாமுங்களா?" என்று கேட்டு எண் வாங்கி, நம் எண்ணையும் சேமிக்கச் சொல்ல வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணுக்குப் பக்கத்தில் வாட்ஸ்அப் எண் பெரிதாக இருக்கட்டும். வறுத்த தேதியும் இருக்கட்டும். விளம்பரச் செலவு செய்வதானால், கடந்த 365 நாளில் நம் பக்கத்தோடு தொடர்பு வைத்தவர்களுக்கு மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. சின்ன வட்டம், சின்னச் செலவு.

செய்தி தினமும் அனுப்பினால் முடக்கிவிடுவார்கள். வருஷத்தில் சொல்வதற்கு உள்ளபடியே விஷயம் இருக்கும் நாட்கள் உண்டு: புது அறுவடைக் காப்பி வறுத்தாயிற்று, மிளகு காய்ந்தாயிற்று, ஆரஞ்சு வந்திருக்கிறது. அந்த நாட்களில் அனுப்பினால் போதும்.

*

அக்காவிடம் இப்போது பாக்கி இருப்பது பார்சல். கால் கிலோ கேட்கிறவருக்குக் காப்பி விலையோடு கூரியர் செலவைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு கிலோவாக, மாதம் ஒரு தடவை என்று கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். கோயம்புத்தூர், ஓசூர், சென்னை என்று ஊர்வாரியாகப் பட்டியலைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். டிசம்பரில் முதல் வறுவல் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.