கருமத்தம்பட்டியிலிருந்து போனவர்

வெளிநாட்டில் கோயம்புத்தூர் என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. சென்னை என்றால் சிலர் தலையை ஆட்டுகிறார்கள். நீலகிரி என்றால் தேயிலை ஞாபகத்துக்கு வருகிறது. பிரான்ஸில் பதினைந்து நாள் சுற்றியபோது, ஊர்ப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டு, தென்னிந்தியா என்று பொதுவாகச் சொல்லி வந்தேன். லியோனில் மட்டும் அது பலிக்கவில்லை.

பாரிஸிலிருந்து லியோனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர் அது. தறிச் சத்தத்தில் வளர்ந்த கொங்கு நாட்டுக்காரன் அங்கே போக வேறு காரணம் வேண்டியதில்லை. தறியைப் பார்த்து முடித்த பிறகு, உடன் வந்த நண்பர், ஆப்பிரிக்காவுக்குப் பாதிரிமாரை அனுப்பும் சபை ஒன்றின் இல்லத்துக்கு அழைத்துப் போனார். "இதை ஆரம்பித்தவர் உங்கள் பக்கத்தில் பிஷப்பாக இருந்தவராம்" என்றார்.

எங்களை வரவேற்ற பாதிரியாருக்கு எண்பதைத் தாண்டிய வயது. இப்போது பெனின் என்று வழங்கும் நாட்டில், அதற்குத் தஹோமி என்று பெயர் இருந்த காலத்திலேயே போய், முப்பது வருஷம் உழைத்தவர். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"கருமத்தம்பட்டி!" என்றார். உச்சரிப்பு பிரெஞ்சு உச்சரிப்புத்தான். ஆனால் ஒரு புண்ணிய ஸ்தலத்தின் பெயரைச் சொல்வது போல் சொன்னார்.

நமக்குக் கருமத்தம்பட்டி என்றால் என்ன? சேலம் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தம். சோமனூருக்குத் திரும்புகிற இடம். அங்கே ஒரு பழைய ஜெபமாலை மாதா கோயில் இருப்பதும், அக்டோபரில் திருவிழா நடப்பதும் அந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். 1846 அக்டோபரில் அந்த ஊரில்தான் மெல்கியோர் த மரியோன் பிரேசியாக் என்ற முப்பத்திரண்டு வயதுப் பிரெஞ்சுக்காரர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். கோயம்புத்தூர்ப் பிராந்தியத்துக் கத்தோலிக்கர்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டார்கள்.

1842-இல் புதுச்சேரியில் வந்து இறங்கிய நாள் தொட்டு அவருக்கு ஒரே பிடிவாதம். இந்த நாட்டுப் பிள்ளைகளையே குருக்களாக ஆக்கிவிட்டு வெள்ளைக்காரன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பார். வந்திருந்த மற்ற வெள்ளைக்காரர்களில் பலருக்கு இது ருசிக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் ஜாதி. கோயிலுக்குள்ளே ஜாதிக்கொரு இடம், ஜாதிக்கொரு வழக்கம். 1744-இல் போப்பாண்டவர் கட்டளை பிறப்பித்து, எது ஆகும், எது ஆகாது என்று வரையறுத்திருந்தார். அதைக் காப்பதாக மிஷனரி ஒவ்வொருவரும் சத்தியம் செய்ய வேண்டும். செய்தார்கள். செய்துவிட்டு, ஊருக்கு ஊர் தமக்குத் தோன்றியபடி நடந்தார்கள். இது வெறும் சமூகப் பழக்கமா, மதத்துக்கே விரோதமா என்று பிரேசியாக் ரோமாபுரிக்கு எழுதிக் கேட்டார். அவர் மனம் சமாதானப்படும்படி விடை வரவில்லை. தம் மனச்சாட்சிக்கு உறுதியில்லாத ஒன்றைப் பிறரைச் செய்யச் சொல்ல அவரால் முடியவில்லை. 1855-இல் அவருடைய ராஜிநாமா ஏற்கப்பட்டது.

எனக்கு அவரிடம் பிடித்த இடம் இதுதான். பதவியில் இருந்துகொண்டே கண்ணை மூடிக்கொள்ளும் வித்தை அவருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சௌகரியமாகவே இருந்துவிடுகிறார்கள்.

அடுத்த வருஷம், டிசம்பர் 8-ஆம் தேதி, லியோன் நகரத்துக் குன்றின்மேல் உள்ள மாதா கோயிலில் ஒரு சில தோழர்களுடன் புதிய சபையைத் தொடங்கினார். தஹோமிக்குப் போகக் கேட்டார். சியரா லியோனைக் கொடுத்தார்கள். 1859 மே மாதம் ஃப்ரீடவுனில் இறங்கினார். மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்த சமயம். ஜூன் 25-ஆம் தேதி இறந்துபோனார். நம் ஊரில் பன்னிரண்டு வருஷம் தாங்கிய உடம்பு அங்கே ஆறு வாரம் தாங்கவில்லை. 2020-இல்தான் ரோம் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தது.

இந்தச் சபையில் இன்று ஆப்பிரிக்கர்கள் ஏராளம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். டோகோ நாட்டு இளைஞர் ஒருவர் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தார். பிரான்ஸில் பங்குக் குருவாக இருக்கிறாராம். பிரேசியாக் கேட்டது ஒருவாறு நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிழவர் மெள்ளக் கேட்டார்: "அவர் எழுதிக் கேட்டாரே, அந்த விவகாரம் உங்கள் ஊரில் தீர்ந்துவிட்டதா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஜாதிக்காக எழுந்த சுவரைப் பற்றிச் சொன்னேன். இது உங்கள் சபைக்காரர்கள் காரியம் மட்டும் அல்ல என்று, எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றியும் சொன்னேன். சட்டத்துக்குப் பயந்து சில கடைகளில் குவளையை எடுத்துவிட்டார்கள். ஒரு சாராருக்கு மட்டும் காகிதக் கோப்பையில் கொடுக்கிறார்கள் என்றேன்.

கிழவர் பேசவில்லை. டோகோ இளைஞர் காப்பித் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"காகிதம் எதற்கு? யாரும் கழுவ வேண்டாம் என்றா?"

"ஆமாம்" என்றேன்.