பால்மரக் கோடும் சைன் அலையும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். தமிழ்ப்பள்ளியில் என்னிடம் கணிதம் பயின்றவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் இருக்கிறாள். எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தை எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகவும், அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போகவே வந்ததாகவும் கூறினாள். காரணம் கேட்டேன். குறிப்பேட்டைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். சைன் 150 பாகையின் மதிப்பு 0.5 என்று அதில் எழுதியிருந்தது.

“ஐயா, செங்கோண முக்கோணத்தில் ஒரு கோணம் 90 பாகை. மற்ற இரண்டும் சேர்ந்தே 90 பாகைதான். அப்படியிருக்க, 150 பாகை எந்த முக்கோணத்தில் வரும்? வகுப்பில் எல்லாரும் விடையை எழுதிவிட்டார்கள். எனக்கு மட்டுந்தான் விளங்கவில்லை. எனக்குக் கணிதம் வராது போலிருக்கிறது, ஐயா.”

அவள் பேசி முடித்ததும் என் கண்கள் வாசலுக்குச் சென்றன. மோட்டார் சைக்கிளில் அவளைக் கொண்டு வந்து விட்ட அவளுடைய அண்ணன் வெளியே நின்றிருந்தான். அவனும் என் மாணவன்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவனும் ஏறத்தாழ இதே கேள்வியை என்னிடம் கேட்டான். “அதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்காதே. சூத்திரத்தை மனனம் செய், கணிப்பானைத் தட்டு, விடை வரும்” என்று சொல்லி அனுப்பினேன். அவன் அந்தப் பாடத்தைக் கைவிட்டான். அவன் விரும்பிய பொறியியல் படிப்புக்கான வழி அதனால் அடைபட்டது. இன்று ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். உழைத்து உண்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவன் விரும்பியது அதுவன்று.

உண்மையைச் சொல்வதானால், அன்று அந்தக் கேள்விக்கு எனக்கே விடை தெரியாது. மாணவப் பருவத்தில் நானும் ‘சோ-கா-தோவா’ என்று மந்திரம்போல ஓதித் தேர்ச்சி பெற்றவன். தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல் மனனத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த உறுத்தலால்தான் பின்னாளில் முக்கோணவியலை முதலிலிருந்து படித்தேன். படித்ததை அன்று மாலை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

முதலில் அவளை ஒரு பால்மரத்தடிக்கு அழைத்துச் சென்றேன், பேச்சின் வழியாக. என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெட்டுக்கோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு இறங்கி வரும். அந்தச் சாய்வைக் குறிப்பதற்கென்றே தகரத்தில் ஓர் அச்சு உண்டு. மரத்தின் சுற்றளவு 60 சென்டிமீட்டர் என்றால், பாதிச் சுற்று 30 சென்டிமீட்டர். கோடு கீழே இறங்கும் அளவு சுமார் 17.3 சென்டிமீட்டர். மரம் பெருத்துச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் ஆனால், பாதிச் சுற்று 45; இறக்கம் சுமார் 26.

“இறக்கத்தைப் பாதிச் சுற்றால் வகுத்துப் பார்” என்றேன். இரண்டு முறையும் ஏறத்தாழ 0.577 வந்தது. கணிப்பானில் டான் 30 பாகையைத் தட்டச் சொன்னேன். அதே எண். அவள் முகத்தில் சிறு வெளிச்சம் தெரிந்தது.

மூன்றாம் படிவத்து முக்கோணவியல் முழுவதும் இந்த ஒரு செய்திதான். கோணம் மாறாவிட்டால், முக்கோணம் சிறுத்தாலும் பெருத்தாலும் பக்கங்களின் விகிதம் மாறாது. அந்த விகிதங்களுக்கு வைத்த பெயர்களே சைன், கோசைன், டான். தமிழ்ப்பள்ளியில் விகிதத்தை நன்கு உணர்ந்த பிள்ளைக்கு இதில் புதியது அந்தப் பெயர்கள் மட்டுமே. நான்காம் படிவத்துக் கூடுதல் கணிதத்தில் வரும் சைன் விதியும் கோசைன் விதியும் இதை எல்லா வகை முக்கோணங்களுக்கும் விரிவாக்குகின்றன. விரிகோண முக்கோணமும் அங்கே வந்துவிடுகிறது. ஐந்தாம் படிவத்தில் 150 பாகை, 210 பாகை, கழித்தல் 60 பாகை எல்லாம் வருகின்றன. எந்த முக்கோணத்திலும் 210 பாகைக் கோணம் இருக்க முடியாது. பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஏன் விழுகிறார்கள்? இந்த இடத்தில் சைன் என்ற சொல்லின் வரையறையே மாறிவிடுகிறது. ‘எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன்’ என்பது பழைய வரையறை. ஆரம் 1 உள்ள வட்டத்தில் சுழலும் ஒரு புள்ளி, மையத்தின் கிடைமட்டக் கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே புதிய வரையறை. குறுங்கோணங்களுக்கு இரண்டும் ஒரே விடையைத் தருவதால், நாம் மாறியதைச் சொல்லாமலே கடந்து போகிறோம். பாடநூலில் வட்டம் இருக்கிறது. ஆனால் “இதுவரை படித்த வரையறை இங்கே போதாது, இனி இதுதான் வரையறை” என்ற ஒரு வாக்கியத்தைப் பல வகுப்பறைகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

வாசலில் நின்ற என் மிதிவண்டியின் சக்கரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினேன். அச்சின் உயரத்தில், வலப்பக்கம் நூலை வைத்துத் தொடங்கினோம். 30 பாகை மேல்நோக்கிச் சுற்றினால், நூல் அச்சுக்கு மேலே ஆரத்தில் பாதி உயரத்தில் நிற்கிறது. 90 பாகையில் உச்சி. மேலும் சுற்றி 150 பாகைக்கு வந்தால், நூல் மறுபக்கம் இறங்கி மீண்டும் அதே பாதி உயரத்தில் நிற்கிறது. 210 பாகையில் அச்சுக்குக் கீழே பாதி ஆரம். ஆகவே கழித்தல் 0.5.

“அவ்வளவுதானா, ஐயா?” என்றாள்.

அவ்வளவுதான். இன்னொன்றையும் அவளுக்குச் சொன்னேன். வரலாற்றில் வட்டம்தான் முதலில் வந்தது. வானத்துக் கோள்களின் நிலையைக் கணிக்கவே இந்தக் கணிதம் பிறந்தது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் நூலில் 24 மதிப்புகள் கொண்ட சைன் அட்டவணையைத் தந்தார். அவர் எடுத்துக்கொண்ட ஆரம் 3438. அதில் 30 பாகைக்குரிய மதிப்பு 1719, சரியாகப் பாதி. அவர் அளந்தது வட்டத்தின் நாணில் பாதியை. வில்லின் இரு முனைகளையும் இணைப்பது நாண். வட்டத்தின் வில்லையும் அப்படி இணைக்கும் கோட்டைத் தமிழ்க் கணித நூல்களும் நாண் என்றே சொல்கின்றன. நாணைக் குறிக்கும் ‘ஜியா’, ‘ஜீவா’ என்ற வடசொற்கள் அரபு மொழிக்குச் சென்று ‘ஜிபா’ ஆயின. அரபில் உயிரெழுத்துக் குறியின்றி எழுதியதால் அது ‘ஜைப்’ என்று படிக்கப்பட்டது. ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு. அதை இலத்தீனில் ‘சைனஸ்’ என்று பெயர்த்தார்கள். இன்று கணிப்பானில் நாம் அழுத்தும் பொத்தானில் இருப்பது அந்தச் சொல்லின் சுருக்கமே.

ஆக, முக்கோணத்தை விட்டு வட்டத்துக்குப் போகும்போது பிள்ளை வழிதவறவில்லை. நாம்தான் அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டு நடக்கச் சொன்னோம். 150 பாகை எந்த முக்கோணத்தில் வரும் என்று கேட்டவளே, தான் கற்றதை உண்மையாகப் புரிந்துகொண்டவள். கேளாமல் விடை எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அது விளங்கியிருக்கும்?

அடுத்து, சைன் எப்படி அலையாகிறது என்பது. வீட்டில் இருந்த தடித்த மெழுகுத்திரி ஒன்றை எடுத்தேன். செங்கோண முக்கோணமாக வெட்டிய ஒரு தாளை அதன்மேல் சுற்றினேன். கர்ணம் மெழுகுத்திரியின்மீது சாய்ந்து ஏறியது. பால்மரத்துக் கோடும் இப்படித்தான்: மரத்தின்மேல் சுற்றியிருந்தாலும், பட்டையை விரித்துப் பார்த்தால் அது நேர்க்கோடு; அதன் அடியில் ஒரு முக்கோணம்.

பிறகு இன்னொரு தாளை நான்கு சுற்று சுற்றி, கூரிய கத்தியால் மெழுகுத்திரியோடு சேர்த்துச் சாய்வாக நேராக வெட்டினேன். “இதை விரித்தால் விளிம்பு எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். “இதுவும் சாய்வுதானே, நேர்க்கோடாக இருக்கும்” என்றாள். விரிக்கச் சொன்னேன். விளிம்பு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நான்கு அலைகளாக விரிந்தது.

அவள் சற்று நேரம் பேசவில்லை. சுற்றிவரும்போது வெட்டுத்தளம் ஒருபக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கிறது. விளிம்பின் ஏற்ற இறக்கம், சக்கரத்தில் கட்டிய நூலின் ஏற்ற இறக்கத்தைப் போலவே கோணத்தோடு மாறுகிறது. ஆகவே விரித்தால் கிடைப்பது சைன் அலை. ஒரு சுற்றுக்கு ஓர் அலை என்பதால்தான் 360 பாகைக்கு ஒருமுறை அதே மதிப்புகள் திரும்ப வருகின்றன. ரேடியன் எதற்கு என்ற அவளுடைய அடுத்த ஐயத்துக்கும் அந்தத் தாளிலேயே விடை இருந்தது. ஆரத்தை 1 என்று கொண்டால் ஒரு சுற்றுத் தாளின் நீளம் 2 பை, அதாவது சுமார் 6.28. கோணத்தைத் தாளின் நீளமாகவே அளந்தால் அது ரேடியன். நம் வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 முறை இதே வடிவில்தான் ஏறி இறங்குகிறது என்றதும் மேலே எரிந்த விளக்கைப் பார்த்தாள்.

இருட்டிவிட்டது. அழைத்துப் போக அண்ணன் உள்ளே வந்தான். மேசைமேல் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தான். தங்கை சக்கரத்தையும் நூலையும் சொன்னாள். அவன் விளிம்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டான்: “ஐயா, இதில் கோசைன் எங்கே?”

“அலையின் நடுமட்டத்தில் தொடங்கினால் சைன். விரலை உச்சியில் வைத்துத் தொடங்கு, தம்பி. அதுவே கோசைன்” என்றேன்.

அவன் விரலைக் கால் சுற்று நகர்த்தி உச்சியில் வைத்தான். “ஒரே அலைதான். தொடங்கும் இடந்தான் வேறு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் அவனுக்குச் சொன்னது தவறு என்று அவனிடம் கூறினேன். “பரவாயில்லை, ஐயா” என்றான். பரவாயில்லை என்று அவன் சொல்லலாம். நான் சொல்லிக்கொள்ள முடியாது. தாளை மடிக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

தங்கை கூடுதல் கணிதத்தைக் கைவிடவில்லை. தேர்வில் என்ன பெறுவாள் என்பது எனக்குத் தெரியாது.

ஆசிரியர்களே, முக்கோணத்திலிருந்து வட்டத்துக்கு மாறும் நாளில் அந்த மாற்றத்தைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால் “நாளை சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள். பெற்றோர்களே, முக்கோணவியல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “எனக்குக் கணிதம் வராது” என்று பிள்ளை சொன்னால், “எந்த வரியில் நின்றுவிட்டாய்?” என்று ஒருமுறை கேளுங்கள், அந்த வரியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் வாருங்கள்.