வியாழக்கிழமை கடைசி பீரியட்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவளும் இப்போது கணக்கு டீச்சர். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது, பாடம் முடியவில்லை என்று சொன்னாள். "ஆனா கவலை இல்லீங்க டீச்சர், நீங்க செஞ்ச மாதிரியே பி.டி. பீரியடை வாங்கிக்கிட்டேன்" என்றாள். அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. "சரி கண்ணு" என்று வைத்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். "இந்த வயசுல எதுக்கு டீச்சர் ஓட்டம்?" என்று கல்யாண வீடுகளில் கேட்கிறவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

2012-இல் எனக்கு 52 வயது. சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், தினமும் நடந்தே ஆக வேண்டும் என்றார். ராசிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள மைதானத்துக்கு விடிகாலையில் போக ஆரம்பித்தேன். சேலையும் ரப்பர் செருப்பும்தான். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். நடப்பதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. மாத்திரை விழுங்குகிற மாதிரி தினம் ஆறு சுற்று நடப்பேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் பின்னாலிருந்து ஓடி வந்த ஒருவர் நின்று கும்பிட்டார். "டீச்சருங்களா? நான் உங்ககிட்ட ஏழாவது வரைக்கும் படிச்சனுங்க." எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை என்றார். காலையில் ஓடிவிட்டுத்தான் பஸ் ஏறுவாராம். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன்.

அந்தத் தம்பிதான் எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது. "ஒரு கரண்ட் கம்பம் ஓடுங்க, ரெண்டு கம்பம் நடங்க. மூச்சு வாங்காம பேச முடியுதான்னு பாருங்க. பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தி." முதல் நாள் ஒரு கம்பம் தாண்டுவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்தது. மூன்று மாதத்தில் நான்கு கம்பம் ஓடினேன். பிறகு கேன்வாஸ் ஷூவும் சுடிதாரும் வாங்கினேன். "ரிட்டயர் ஆகற வயசுல டீச்சருக்கு என்னாச்சு?" என்று ஊரில் பேசியது என் காதுக்கும் வந்தது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஓடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை உள்ளவர்கள் பையில் நாலு மிட்டாய் இல்லாமல் ஓடக் கூடாது.

மெல்ல மெல்ல ஐந்து பேர் சேர்ந்தோம். தம்பி, நான், பட்டுத்தறிக்காரர் வீட்டு அக்கா, ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அண்ணன். கண்டக்டர் அண்ணன் இன்னும் விசிலை விடவில்லை. யாராவது நின்றால் ஊதி, "நடுவுல நிக்காதீங்க, உள்ள போங்க" என்பார். சிரிப்பில் பாதி மூச்சு போய்விடும். போதமலைப் பக்கம் வெளுக்கும்போது ஓட்டம் முடியும். பிறகு சர்க்கரை போடாத டீயோடு அரை மணி நேரம் பேச்சு. தறிக்கு நூல் வரவில்லை, குச்சிக்கிழங்கு விலை போகவில்லை, மகளுக்கு வரன் அமையவில்லை. எல்லாம் அந்த அரை மணியில் பேசித் தீரும். முப்பது வருஷம் வேலை பார்த்ததில் என்னோடு பேசியவர்கள் எல்லாம் ஆசிரியர்கள் அல்லது பெற்றோர்கள். 'டீச்சர்' என்ற நாற்காலியை விட்டு இறங்கி நான் சம்பாதித்த முதல் சிநேகிதர்கள் இவர்கள்தான்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது தம்பியிடம் விளையாட்டாகக் கேட்டேன். "இவ்வளவு நல்லா ஓடறியே, பள்ளிக்கூடத்துல நான் பார்த்ததே இல்லையே?"

தம்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "வியாழக்கிழமை கடைசி பீரியட்டுங்க டீச்சர். அதுக்காகத்தான் வாரம் பூரா வருவேன். நீங்க உள்ள வந்து வாய்ப்பாடு எழுதச் சொல்லிருவீங்க. ஜன்னல் வழியா கிரவுண்டு தெரியும்."

எனக்குப் பேச்சே வரவில்லை. தம்பியே தொடர்ந்தது. "அதனால படிப்பு நின்னுதுன்னு சொல்லலீங்க. அப்பா தறிக்கு உட்காரச் சொன்னாரு, உட்கார்ந்தேன். ஆனா நிக்கும்போது, ஐயோ இதை விட்டுட்டுப் போறமேன்னு நெனைக்க எனக்கு அங்க ஒண்ணும் இல்லீங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தேர்ச்சி விழுக்காட்டுக்காக எத்தனை வியாழக்கிழமைகளை வாங்கியிருப்பேன் என்று அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1982-இல் வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு வருஷத்துக்கு இருபது பீரியட் என்று வைத்தாலும் முப்பது வருஷத்தில் அறுநூறு. ஒவ்வொன்றிலும் நாற்பது பிள்ளைகள். ஆசிரியர் பயிற்சியில் உடற்கல்வியும் ஒரு பாடமாகப் படித்துத் தேறியவள்தான் நானும். மறுநாள் மைதானத்தில் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க டீச்சர், இன்னும் ரெண்டு சுற்று பாக்கி இருக்கு" என்றது.

2016-இல் ஐந்து பேரும் கோவைக்குப் போனோம். கோவை மாரத்தான் 2013 முதல் அங்கே உள்ள புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது. முழு மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். நாங்கள் ஓடியது 10 கிலோமீட்டர்தான். எனக்கு ஒரு மணி முப்பத்தாறு நிமிஷம் ஆனது. தம்பி ஐம்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு, திரும்பி வந்து, கடைசி ஒரு கிலோமீட்டர் என் பக்கத்திலேயே ஓடியது. கழுத்தில் மெடலை மாட்டியபோது 56 வயதில் நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

2019-இல் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். பிள்ளைகள் காரியம் முடித்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் வாசற்படி தாண்டவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு விடிகாலை, தூக்கம் வராமல் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டுத் திண்ணையில் கண்டக்டர் அண்ணனும் தறிக்கார அக்காவும் தம்பியும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன இங்க?" என்றேன்.

"காரியம் முடிஞ்ச மறுநாள்ல இருந்து வர்றமுங்க" என்றார் அக்கா. "அஞ்சேகாலுக்கு வந்து உட்கார்ந்துட்டு அஞ்சரைக்குக் கிளம்பிருவோம். நீங்க எப்ப வந்தாலும் தனியா வரக் கூடாதில்ல?"

கதவைத் தட்டவில்லை, போன் செய்யவில்லை. தினமும் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். அன்று யாரும் எதுவும் பேசவில்லை. விசிலும் இல்லை.

ஃபௌஜா சிங் என்று ஒரு பெரியவர். பஞ்சாபில் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்துக்காரர். மனைவியையும் அடுத்து மகனையும் பறிகொடுத்து, லண்டனில் இன்னொரு மகன் வீட்டில் இருந்தவர். 89 வயதில், 2000-இல், லண்டன் மாரத்தான் ஓடினார். 2011-இல் டொரொண்டோவில் நூறு வயதுக்காரராக முழு மாரத்தானை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்து முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகத்தில் ஏறவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊரில் சாலை விபத்தில் காலமானார். அந்தச் செய்தியைத் தம்பிதான் டீக்கடையில் வாசித்துக் காட்டியது. உலகமே அவர் வயதைப் பேசியது. எனக்கு அந்த மனைவியும் மகனும்தான் மனதில் நின்றார்கள். அவர் ஏன் ஓட ஆரம்பித்திருப்பார் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போது போன் செய்த என் செல்லத்துக்கு.

கண்ணு, நீ என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாய். அதனால் நான்தான் திருத்த வேண்டும். அந்த பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிடு. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினம் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைப்பதே ஒன்றோ இரண்டோ பீரியட். விட்டுப்போன கணக்கை நீ சனிக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடித்துவிடலாம். ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு நான் எதையும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைதான் எனக்குக் கொடுத்தது.

மற்ற எல்லோருக்கும்: நாற்பது, ஐம்பது தாண்டிவிட்டதே என்று நினைக்காதீர்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாளைக்கு ஒரு கம்பம் ஓடுங்கள், ரெண்டு கம்பம் நடங்கள். கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் பத்து நாளில் விட்டுவிடுவீர்கள். எனக்குத் தெரியும்.

ராசிபுரம் வருகிறவர்கள் அஞ்சேகாலுக்கு எங்கள் வீட்டு எதிர்த் திண்ணைக்கு வாருங்கள். டீ என் செலவு. விசில் கண்டக்டர் அண்ணன் செலவு.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்