கல்லறை இல்லாதவர்கள்

டோல்கேட் என்ற பெயரைக் கேட்டதும் வழிப்போக்கர்கள் தங்கள் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வது இயல்பே. ஆயினும், அங்கிருந்து தன்னந்தனியே நான் புறப்பட்ட பிரயாணத்துக்கு ஆன செலவு மிகச் சொற்பம். திருவொற்றியூரில் மின்சார ரயில், பொன்னேரியிலிருந்து பஸ், கையில் கட்டுச்சோறு. எண்ணூர்ப் புகைபோக்கிகள் மறைந்து, பழவேற்காட்டு ஏரி கண்ணெதிரே விரிந்தது.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டமோ தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன.

இத்துறையிலிருந்து துணி மட்டுமா கப்பலேறிற்று? பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சத்திலும் போரிலும் நலிந்த சோழமண்டலக் கரை ஏழைகள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பெற்று, அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு அனுப்பப்பட்டனர். வாங்கியவர்களுக்குச் சித்திரக் கற்கள். விற்கப்பட்டவர்களுக்கு ஒரு செங்கல்கூட என் கண்ணில் படவில்லை.

நெசவாளிகளுக்கும் கல் இல்லைதான். ஆனால் ஐரோப்பியர் நாவில் 'புலிக்காட்' எனத் திரிந்த இவ்வூரின் பெயரால்தான், கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் இன்றளவும் 'பெலிக்காட்' என்கிறார்கள்.

1825-இல் டச்சுக்காரர் போய் ஆங்கிலேயர் வந்தனர். 1947-இல் அவர்கள் கொடியும் இறங்கிற்று. தறியில் பிறந்த பெயர் நிலைத்துவிட்டது. அடிமைகளாய்க் கடல் கடந்தவர்களின் பெயரைச் சொல்ல, ஏரிக்கரையில் ஒரு நடுகல்லேனும் நாட்டுவது சுதந்திர நாட்டின் கடமையன்றோ?