தம்பி அழிக்க நினைத்த மூன்று வரிகள்

"அக்கா, இந்த மூணு ரீடிங்கை மட்டும் தூக்கிட்டா டேபிள் சூப்பரா இருக்கும்ல?"

இரவு 11 மணி. தம்பியின் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் நான் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மெக்கட்ரானிக்ஸ் கடைசி வருஷம். மறுநாள் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும்.

டிரிப்ஸ் பாட்டிலை ஒரு லோட் செல்லில் தொங்கவிட்டால், அது எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பாட்டில் காலியாகும் நேரத்தில் ஆர்டுயினோ போர்டு அலாரம் அடிக்கும். இதுதான் புராஜெக்ட். அம்மாவைப் பார்த்து வந்த ஐடியா. அம்மா ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டியில் ஒவ்வொரு பெட்டாகப் போய் பாட்டிலை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வந்தவர்.

"வார்டுல ஒரு தடவை மாட்டிப் பார்க்கட்டுமாம்மா?" என்று தம்பி கேட்டதற்கு, "பேஷன்ட் என்ன உனக்கு டெஸ்ட் பீஸா?" என்று அதட்டிவிட்டார். நோயாளிகளிடம் ஆய்வு செய்ய எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியும், அவர்களின் சம்மதமும் வேண்டும் என்கின்றன ஐ.சி.எம்.ஆர் வழிகாட்டுதல்கள். அதனால் சோதனையெல்லாம் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில்தான். கீழே ஒரு பக்கெட்.

20 முறை சோதித்தான். 17 முறை அலாரம் அடித்தது. 3 முறை அடிக்கவில்லை.

"லூஸ் கனெக்‌ஷனா இருக்கும்க்கா. எல்லாரும் இப்படித்தான் எடுத்துடுவாங்க."

"அது பொய்டா."

"நீ மட்டும்? அன்னிக்கு பஸ் ஸ்டாண்ட்ல ஆறு பேர்கிட்ட கருத்து கேட்டுட்டு, தலைப்புக்கு ஒத்துவந்த நாலு பேரை மட்டும்தானே போட்டே?"

என்னிடம் பதில் இல்லை. டிப்ளமோ வகுப்பில் படித்த நெறிமுறை, டெஸ்க் அவசரத்தில் எனக்கு மறந்துதான் போயிருந்தது.

தூக்கம் வராமல் போனில் தேடியபோதுதான் 'தெரக்-25' பற்றிப் படித்தேன். கனடாவில் தயாரான கதிர்வீச்சு சிகிச்சை மெஷின். 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரிக்குள், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 6 நோயாளிகள் மீது அளவுக்கு மீறி கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் இறந்தார்கள். பழைய மாடல்களில் தப்பு நடந்தால் தடுக்கத் தனிக் கருவிகள் இருந்தன. இதில் அந்தப் பொறுப்பையும் சாஃப்ட்வேரிடமே விட்டுவிட்டார்கள்.

1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில் ஒரு விபத்து. வந்து பார்த்த இன்ஜினீயர்களால் அந்தக் கோளாறை மறுபடி வரவழைக்க முடியவில்லை. மெஷின் திரும்ப வேலைக்கு வந்தது. மூன்றே வாரத்தில் அதே மெஷினில் அடுத்த விபத்து. பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் மெஷினை இயக்கியவரும் உட்கார்ந்து, அன்று செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். டைப் செய்ததை ரொம்ப வேகமாகத் திருத்தினால் மட்டுமே கோளாறு வருகிறது என்று பிடித்தார்கள்.

காலையில் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அழிக்கறதுக்கு முன்னாடி, அந்த மூணையும் மறுபடி வரவழைச்சுப் பாரேன்."

நோட்டைப் புரட்டினான். 17 சோதனைகளும் காலை நேரம். மற்ற மூன்றும் மத்தியானம். டியூட்டி முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "மத்தியானம் நான் தூங்குவேன். ஃபேன் ஓடும்."

காலையில் பேப்பர் பறக்கிறது என்று தம்பி ஃபேனை நிறுத்திவிடுவான். ஃபேன் ஓடினால் பாட்டில் ஆடும். எடை ஏறி இறங்கும். எடை தொடர்ந்து 10 முறை குறைவாக இருந்தால்தான் அலாரம் அடிக்கும்படி புரோகிராம் எழுதியிருந்தான். நடுவில் ஒருமுறை ஏறினாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

"எங்க வார்டுல ராத்திரி பகலா ஃபேன் ஓடுதேடா" என்றார் அம்மா.

தம்பி என்னைப் பார்த்தான். அழிக்க நினைத்த அந்த மூன்று வரிகள் மட்டும்தான் நிஜ வார்டு மாதிரியான சோதனை.

பைண்டிங் இரண்டு நாள் தள்ளிப்போனது. கடைசியாக வந்த ரீடிங்குகளின் சராசரியை எடுக்கும்படி புரோகிராமை மாற்றினான். ஃபேனை ஓடவிட்டு 10 முறை சோதித்தான். 9 முறை அடித்தது. பழைய மூன்றோடு, அந்த ஒன்றையும் ரிப்போர்ட்டில் எழுதினான்.

போன வாரம் நானும் 6 பேரிடம் கருத்து கேட்டேன். 6 பேரையும் போட்டேன். "தலைப்பு சப்புனு இருக்கேம்மா" என்றார் சீனியர்.

"இருக்கட்டும் சார், அவங்க சொன்னது அதுதான்" என்றேன்.