மேகத்தைக் குடிக்கும் மலை

சுபுஹுக்குப் பின் நீங்கள் ஊற்றும் தேநீர் ஊவாத் தேயிலையாக இருந்தால், அதன் மணத்துக்குக் காரணம் ஒரு வறண்ட காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளை மலைகளில் அது வீசும்போது கொழுந்தில் மணம் ஏறும். அதே காற்றில் மானாப் புல்லும் காயும், பீலித் தண்ணீரும் மெலியும்.

அப்படியொரு நாளில் நமுனுகுல அடிவாரத் தோட்டமொன்றில் லுஹருக்கு வுளூச் செய்யப் பீலிக்குப் போனேன். நூல் போல ஒழுகியது. குடத்துடன் நின்ற அம்மா ஒதுங்கி, "மொதல்ல நீங்க புடிங்க, மௌலவி ஐயா. எங்க அம்மா காலத்துல இது ராவும் பகலும் ஓடுச்சு" என்றார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நமுனுகுல உச்சி 2036 மீட்டர். அங்குள்ள காடு மழையை மட்டும் நம்பியிருப்பதில்லை. இலையிலும் பாசியிலும் மூடுபனி தங்கிச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள்! காற்று சூடேறினால் மேகம் இன்னும் உயரத்தில்தான் திரளும். அப்போது பாசிக்கு என்ன கிடைக்கும்?

ரஷ்யா, கனடாவின் ஊசியிலைக் காடுகளுக்கும் இதே சோதனைதான். 2023இல் கனடாவில் மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் எரிந்தது. ஆயினும் அக்காடு மெல்ல மெல்ல வடக்கே நகர இடமுண்டு. நம் மலைக்காடு உச்சியிலேயே நிற்கிறது. அதற்கு மேலே வானம்தான்.

ஒஹியவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளியில் கீனா மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போவதை 1970களிலிருந்தே கவனித்து வருகிறார்கள். வறட்சி, மண், நோய் என்று காரணம் பலவாகச் சொல்லப்படுகிறது. வெப்பத்தின் மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. புல்மலைகளில் பைன் மரம் நட்டவர்களும் நாம்தானே! அதன் பிசினூறிய சருகில் கோடையில் தீ வைப்பதும் மனிதக் கைதான்.

வறண்ட மலையில் பெருமழை விழுந்தால் அது வேறு துயரம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை.

அன்று அந்த அம்மாவையே முதலில் பிடிக்கச் சொன்னேன். குடம் நிறைய வெகுநேரமாயிற்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் வுளூச் செய்ததை எத்தனையோ வருடம் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். இரு கைகளையும் குவித்து அளந்து பார்த்தது அன்றுதான்.